இருபதுமுகியின் உச்சிகள்

கனசதுரத்தின் எட்டு உச்சிகளைக் குறித்துக்காட்ட யந்திர சகாயம் எவருக்கும் வேண்டுவதில்லை. ஆனால் இருபது சமபக்க முக்கோணங்களால் சூழப்பட்ட இருபதுமுகியின் பன்னிரண்டு உச்சிகளும் எந்தெந்த ஸ்தானங்களில் அமைகின்றன என்று கேட்டால், கணிதத்தில் நல்ல பரிச்சயமுள்ளவரும் காகிதத்தையும் பென்சிலையும் தேடவே செய்வார். சேஜ் என்னும் இலவச மென்பொருளிடம் நான் இதைக் கேட்டபோது, உச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், முகங்கள் கிடக்கும் தளங்களை மட்டும் இருபது அசமன்பாடுகளாக எழுதிக் கொடுத்தேன்.

இதில் அடங்கியுள்ள சிரமத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உச்சியைக் குறிக்க மூன்று தளங்கள் போதும். இருபது தளங்களிலிருந்து மூன்று மூன்றாகத் தேர்ந்தெடுக்க 1140 வழிகள் உண்டு. ஓர் உச்சியில் ஐந்து முகங்கள் கூடுவதால் ஒவ்வோர் உச்சியும் பத்து விதமாகக் கிடைக்கிறது. ஆக 120 தேர்வுகளே பயனுள்ளவை. எஞ்சிய 1020-ம் திண்மத்துக்கு வெளியே எங்கோ சந்திப்பவை, அல்லது ஒரே புள்ளியில் சந்திக்காதவை. இவை அனைத்தையும் பரிசோதித்துக் காலத்தைப் போக்காமல், அசமன்பாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்குந்தோறும் உச்சிகளின் பட்டியலைத் திருத்திக்கொண்டே போகும் உபாயம் ஒன்றைக் கணித அறிஞர் மோட்ஸ்கினும் அவருடைய சகாக்களும் 1953-இல் வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் பலவும் அதையே கையாளுகின்றன.

விடை கணநேரத்தில் வந்தது. ஒவ்வோர் உச்சியும் மையத்திலிருந்து ஓரலகு தொலைவில் இருக்கும்படி வைத்தால், 0, 0.5257, 0.8507 என்ற மூன்று எண்களே குறி மாறியும் இடம் மாறியும் பன்னிரண்டு உச்சிகளையும் தந்துவிடுகின்றன. ஆயினும் தசமங்களோடு திருப்தியடைகிறவர் பேரானந்தம் ஒன்றை இழந்துவிடுகிறார் என்பது என் திடமான அபிப்பிராயம். தசமம் ஸ்தானத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. மூன்றாம் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பது பொன்விகிதம். அதில் அடங்கியுள்ள √5-ஐத் தசமமாக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு கணக்கிடும்படி சேஜைப் பணித்தால், அவ்விகிதம் மறைவின்றித் திரையில் தோன்றும். அப்போதுதான், பக்கங்கள் பொன்விகிதத்தில் அமைந்த மூன்று செவ்வகங்களை மையத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கோத்தால் அவற்றின் பன்னிரண்டு மூலைகளே இந்த உச்சிகள் என்பது பிரத்தியட்சமாகும்.

√5-இன் ஆட்சி முப்பரிமாணத்தோடு நின்றுவிடுவதில்லை. நாற்பரிமாணத்தில், 120 பன்னிரண்டுமுகிகளால் சூழப்பட்ட திண்மம் ஒன்றை 19-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் கணித அறிஞர் ஷ்லேஃப்லி கண்டறிந்தார். அதை வரைந்து காண நமக்குக் கண்ணுமில்லை, கையுமில்லை. ஆனால் அதன் 600 உச்சிகளையும் எழுதிவிடலாம், அதற்கும் √5-ஐத் தவிர வேறு விகிதமுறா எண் எதுவும் வேண்டுவதில்லை.