கராஜுக்கு மேல இருந்த கொங்கிறீற்

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் வீட்டுக்கு ஓட்டுக் கூரையும், பக்கத்தில கார் கராஜுக்குத் தட்டையான கொங்கிறீற் கூரையும் இருக்கிறதைக் கண்டிருப்பீங்கள். எங்கட வீடும் அப்படித்தான். எழுபதுகளில் தாத்தா கட்டினது. அவருடைய மொறிஸ் மைனரை நாங்கள் படத்தில மட்டும்தான் பார்த்திருக்கிறம். கார் போய்க் கனகாலம், கராஜ் மட்டும் மிஞ்சினது.

போன மாரி முடிய, தங்கச்சி ஸ்கூட்டி விடுற இடத்தில தேங்காயளவு கொங்கிறீற் துண்டொன்று விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பியெல்லாம் கறள் பிடிச்சு, செதில் செதிலாய்த் தொங்குது. மேசன் அண்ணை வந்து பார்த்தார். "பூசி மூடலாம் தம்பி. ரெண்டு மாரி தாங்கும். பிறகும் என்னைத்தான் கூப்பிடுவியள்."

காரணத்தை அவர்தான் விளங்கப்படுத்தினார். மேல வாட்டம் போதாது, மழைத் தண்ணி வழிஞ்சோடாமல் நிண்டு ஊறுது. அந்த நாளில கழுவாத கடல்மணலும் உப்புத் தண்ணியும் சேர்த்துக் குழைச்சிருக்கலாம். உப்பு கம்பியைத் தின்னும். கறள் இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் பிடிக்கும், அந்த வீக்கம்தான் கொங்கிறீற்றை உள்ளிருந்து வெடிக்க வைக்குது. வெளியில பூசினால் வெடிப்பு மறையும், வீக்கம் நிக்காது.

உடைக்கிறதெண்டு நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்திட்டம். அம்மம்மா மாட்டன் எண்டு நிண்டா.

அவ சொன்ன கதையை முந்தியும் துண்டு துண்டாய்க் கேட்டிருக்கிறம். தொண்ணூறில சண்டை திரும்பத் தொடங்கின பிறகு, மாரியில பங்கருக்குள்ள தண்ணி ஏறிவிடும். அப்ப அக்கம்பக்கத்துச் சனமும் சேர்ந்து கராஜுக்குள்ளதான். வாசலில மண்மூட்டை அடுக்கி, பிள்ளைகளைச் சுவரோட படுக்க வைப்பினமாம். குண்டு நேர விழுந்தால் அந்தக் கூரை தாங்காதெண்டு எல்லாருக்கும் தெரியும். செல் துண்டைத் தடுக்கும், அவ்வளவுதான் கணக்கு. அந்த நேரம் சீமெந்து வடக்குக்கு வாறதே தடை. முந்தியே கொங்கிறீற் போட்டு வைச்ச வீடு எண்டால் ஊருக்கே ஆறுதல்.

நாங்கள் அப்ப பிறக்கவேயில்லை. "இப்ப சண்டை இல்லைத்தானே அம்மம்மா" எண்டு சொல்ல வாய் வந்தது, சொல்லேல்ல. அந்த வசனத்தை இந்த ஊர்ப் பெரியாக்களுக்கு ஆர்தான் உறுதியாச் சொல்லலாம்?

மேசன் அண்ணை வாதாடேல்ல. அம்மம்மாவை வாசலில கதிரை போட்டு இருத்திவிட்டு, ஒரு தடியால கூரையை அங்கங்க தட்டினார். ஓரத்தில கல்லுச் சத்தம். நடுவுக்கு வர வர வெறும் பானையைத் தட்டினது மாதிரி. அம்மம்மா கனநேரம் பேசாமல் இருந்தா.

"சுவரை விடுவியளோ?"

"சுவர் நல்ல சுவர் அம்மா. விடுறம்."

தெருப்பக்கச் சுவரில செல் துண்டு கொத்தின பள்ளம் ஏழெட்டு இருக்கு. அதையும் பூச வேண்டாமாம். சரி எண்டம்.

பிறகு என்ன கூரை? மலிவு எண்டு பார்த்தால் அஸ்பெஸ்டஸ் சீற். கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் காட்டினார். வெள்ளை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனம் தெளிவாய்ச் சொல்லியிருக்கு. இங்கயும் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் அறிவிச்சது. 2017 டிசம்பரில, தேயிலைப் பொதியில வண்டு கண்டதெண்டு ரஷ்யா எங்கட தேயிலையை நிப்பாட்டினது. அங்கயிருந்துதான் அஸ்பெஸ்டசும் வாறது. கொழும்பு கட்டுப்பாட்டைத் தள்ளிவைச்சது, தேயிலைத் தடையும் நீங்கினது. ஒரு வண்டு எங்கட கூரை வரைக்கும் வந்திருக்கு, பாருங்கோ! நாங்கள் கொஞ்சம் கூடக் குடுத்துத் தகட்டுக் கூரைக்குப் போனம்.

உடைக்க மூண்டு நாள். கீழ முட்டுக் குடுத்து, ஓரத்தில இருந்து கொஞ்சம் கொஞ்சமாய். மேல ஏறி நிண்டு சுத்தியல் போட ஒருத்தரையும் விடேல்ல. கம்பி பழைய இரும்புக்குப் போச்சு, உடைச்சல் ஒழுங்கையில மாரிக்குக் குளமாகிற பள்ளத்துக்குப் போச்சு. ஒழுங்கையில எல்லாருக்கும் சந்தோசம்.

புதுக் கூரையை நல்ல வாட்டமாய்ப் பின்பக்கம் சரிச்சிருக்கு. மழை பெய்தால் சத்தத்தில கதைக்கேலாது, அம்மம்மா அதைச் சொல்லாத நாளில்லை. பீலி இன்னும் போடேல்ல. கிணத்தடி வரைக்கும் கொண்டுபோக எத்தனை அடி வேணும் எண்டு தங்கச்சி அளந்து வைச்சிருக்கிறா.