பேதுருவா, யாக்கோபா

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. எங்கள் ஊரான செங்கலுக்கு அது சந்தோஷத்தைவிடச் சண்டையைத்தான் கொண்டுவந்தது. நாங்கள் லண்டன் மிஷன் வழி வந்தவர்கள். டீக்கன்மாரும் சபைக் கூட்டமும் தீர்மானிப்பதே தீர்மானம். (மிஷனரி துரையின் பேச்சுக்கு எத்தனை பேர் எதிர்ப்பேச்சு பேசினார்கள் என்பது வேறு கதை.) இனி பிஷப் உண்டு என்றார்கள். நேற்றுவரை மிஷன் ஊழியராக இருந்த லெக் ஐயரே தென் திருவிதாங்கூருக்குப் பிஷப்.

எனக்கு விவரம் தெரிந்தபோதும் அந்த வழக்கு ஓயவில்லை. ஆராதனை முடிந்ததும் தாத்தாவும் உபதேசியாரும் பலா மரத்தடியில் தொடங்கிவிடுவார்கள்.

“சாவி பேதுரு கையிலல்லவா கொடுக்கப்பட்டது?” என்பார் உபதேசியார்.

“எருசலேமில் வழக்கு வந்தப்போ கடைசி வார்த்தை சொன்னது யாரு உபதேசியாரே? யாக்கோபுதானே! அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே கேட்டாரே, அப்போ சாவி எங்கே போச்சு?”

புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற அந்த வழக்கில் முடிவு எழுதிய கடிதம் அப்போஸ்தலர், மூப்பர், சபையார் எல்லாரும் சேர்ந்து அனுப்பியது என்பது தாத்தாவின் துருப்புச்சீட்டு. யாக்கோபு கர்த்தருடைய சகோதரன் என்பதை மட்டும் லேசாகத் தாண்டிவிடுவார். குடும்பப் பெயருக்கு எருசலேமிலும் மதிப்பிருந்தது, எங்கள் டீக்கன் தேர்தலிலும் இருந்தது.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் கேட்டவர்களைத்தான். செய்தி களியக்காவிளை தாண்டி வந்த அன்றைக்கு அப்பா கதவைச் சாத்தி எங்களை உள்ளே உட்காரவைத்தார். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் அந்தப்பக்கம் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கேட்டவர்களின் பட்டியலில் எங்கள் தாலுகாவும் இருந்தது.

1959-இல் பேராயமும் இரண்டானது: கன்னியாகுமரி, தென் கேரளம். சர்க்கார் கிழித்த கோட்டின் வழியே சபையும் கிழிந்தது. “நம்மைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டார்களா?” என்று தாத்தா பொருமினார். உபதேசியார் அன்று வாதாடவில்லை. கேட்டிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடமும் ரேஷனும் கோர்ட்டும் அதற்குள் பிரிந்துவிட்டன. ஆனால் கேட்பது என்பது முடிவை மாற்றுவதற்கு மட்டுமா?

பிறகு அக்காவுக்குக் குழித்துறையில் மாப்பிள்ளை பார்த்தோம். முன்பென்றால் ஒரே பேராயம். இப்போது கலியாண ஓலை வாசிக்க அந்தப்பக்கத்துப் போதகரின் கடிதம் வேண்டுமாம். கடிதம் வந்தது, முத்திரை தெளிவில்லை என்று திரும்பப் போய், மறுபடி வந்தது. தாத்தா அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, முத்திரையை மட்டும் வெகுநேரம் பார்த்தார். “பவுல் கையிலே இப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்தியோகியா வரை போயிருக்கவே மாட்டாரு” என்றார்.