மண்மேட்டின் உள்ளே பனி

லாங்இயர்பியன் ஊரின் தெற்குக் கோடியில் வீடுகள் முடிந்ததுமே சல்லியும் சேறும் குவிந்த மேடுகள் தொடங்கிவிடுகின்றன. நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 டிகிரி வட அட்சத்தில் இருக்கிற ஊர் இது. மேடுகளுக்குப் பின்னால் லாங்இயர்பிரீன், லார்ஸ்பிரீன் என்று இரண்டு பனியாறுகள். பனிக்கரடி எப்போது எதிர்ப்படும் என்று தெரியாததால், எங்களை அழைத்துப் போன பெண் தோளில் துப்பாக்கியோடு முன்னே நடந்தார்.

பனியாறு சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் போட்டுவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றே எனக்குப் பட்டது. ஓரிடத்தில் மேட்டின் பக்கம் சரிந்திருந்தது. அந்தப் பெண் அங்கே நின்று கைகாட்டினார். சேற்றுக்குப் பின்னால் கறுத்துப் பளபளத்தது பனிக்கட்டி. மேட்டின் பெரும்பகுதி பனி. நாங்கள் மண் என்று மிதித்து வந்தது அதன் மேல்மூடி.

ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் இந்தப் பனியாறுகள் இன்னும் கீழே வரை நீண்டிருந்தன. மெலிந்து பின்வாங்கியபோது முகப்புப் பனியை அதன் சுமையே மூடிவிட்டது. மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளம் வெயிலிலும் கரையாமல் கிடப்பதைப் போல, அந்தப் பனி இன்றும் உள்ளே இருக்கிறது. இங்கே நிலம் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேலே ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இளகும். மூடி அதைவிடத் தடிமனாக இருந்தால் மேலிருந்து வரும் வெப்பம் பனியை எட்டாது.

மெல்லிய இடங்களில் கதை வேறு. உருகிய நீர் கீழே இறங்கப் பார்க்கும். அடியில் பனி விடாது. நீர் ஏறிய மண் கூழாகிச் சரிவில் ஓடும். ஓடியதும் புதுப் பனி வெயிலுக்குத் தெரியும், அது உருகும், மறுபடி சரியும். நுண்மண்ணை ஓடைகள் அள்ளிப் போகின்றன. பெருங்கற்கள் மட்டும் தங்குகின்றன.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பனியாற்றின் அடியில் படிந்த வண்டலில், நீளமான கற்கள் பெரும்பாலும் பனி நகர்ந்த திசையை ஒட்டிப் படுத்திருக்கும். பழைய பனியாறு எந்தப் பக்கம் போனது என்பதை அதை அளந்துதான் நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். ஒரு முறை சரிந்த மண்ணில் கற்கள் காட்டுவது சரிவின் திசையை. அதனால் ஒரு படிவைப் படிக்கிறவர், பனியாறு என்ன செய்தது என்று கேட்பதற்கு முன், அது போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டாக வேண்டும்.

சரியாத மண்ணையும் உறைபனி சும்மா விடுவதில்லை. ஈரமான நுண்மண் உறையும்போது அதற்குள் நீர் மெல்லிய பனித்தகடுகளாகத் திரண்டு தரையைத் தூக்குகிறது, கற்களும் எழும்புகின்றன. இளகும்போது கல்லின் அடியில் மண் புகுந்துவிடுவதால் கல் பழைய இடத்துக்கு இறங்க முடிவதில்லை. பல நூறு குளிர்காலங்களில் கல் வேறு, மண் வேறு எனப் பிரிந்துவிடும். ஸ்வால்பார்டிலேயே நீ-ஓலசுன் அருகே குவாதேஹுக்ஸ்லெத்தாவில் மண்ணைச் சுற்றிக் கற்கள் வரம்பு கட்டிய வட்டங்கள் சில மீட்டர் அகலத்துக்கு வரிசையாக இருக்கின்றன. அவை பழைய கடற்கரைச் சரளையில் உருவானவை. பனியாற்று வண்டலிலும் உறைபனிக்கு இதே வேலைதான்.

லாங்இயர்பிரீன் மேட்டில் ஒரு கல்லை எடுத்தேன். விரிசலில் புகுந்து உறைந்த நீர் அதை அடுக்கு வாக்கில் பிளந்து வைத்திருந்தது. உள்முகத்தில் ஓர் இலை, நரம்புகளோடு. 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே காடு இருந்தது. அந்தப் பாறையைப் பனியாறு பெயர்த்து வந்தது. திறந்து காட்டியது உறைபனி.

அண்டார்க்டிகாவின் பீக்கன் பள்ளத்தாக்கிலும் மண்ணடியில் பனி உண்டு. அங்கே குளிரும் வறட்சியும் அவ்வளவு கடுமை. பனி உருகுவதில்லை, நேரே ஆவியாகிறது, அதுவும் மிக மெதுவாக. மேலே கிடந்த எரிமலைச் சாம்பலை வைத்து அந்தப் பனிக்கு 80 லட்சம் ஆண்டு வயது என்று 1995இல் ஒரு குழு எழுதியது. அந்தக் கணக்கை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். லார்ஸ்பிரீன் மேட்டுக்கு அந்தக் குளிர் இல்லை. ஸ்வால்பார்டின் கோடைகள் சூடேறி வருகின்றன. இளகும் அடுக்கு ஆழமாகிப் பனியைத் தொடும் இடங்களில் மேடு மறுபடி சரிந்து தாழும்.