மேஸ்திரி இல்லாத மடை

ஈ.சி.ஆரில் போகிறபோது மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை வண்டியை ஓரங்கட்டிவிட்டு, உப்புக் குவியலை விட்டு மடைகளைக் கவனியுங்கள்.

உப்புத்தண்ணி பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் சுண்டி, 25 டிகிரி பாமேயைத் தொட்டதும் உப்பு விளைய ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்க விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். அவரவர் கண்ணுக்குத் தெரிவது அவரவர் பாத்தி, கைக்கு எட்டுவது அவரவர் மடை.

"எப்பத் திறக்கணும்னு யாருங்க சொல்லுவாங்க?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"யாரு சொல்லணும் சார்? தண்ணியே சொல்லுமே!"

இதையே விதிமுறையாக எழுதச் சொன்னால் விஞ்ஞானிகளுக்கு வியர்க்கிறது. 1980-களில் டொரன்டோவில் ராமட்ஜ், வான்ஹம் என்ற இருவர் நிகழ்ச்சிகளை இரண்டாகப் பிரித்தார்கள். நம்மால் தடுக்க முடிந்தவை, முடியாதவை. மடை முதல் ரகம், மழை இரண்டாவது. மொத்தத்தையும் பார்க்கிற ஒரே மேஸ்திரி இருந்து, நிலைமைகளும் எண்ணி முடிகிற அளவில் இருந்தால், எப்போது எதைத் தடுப்பது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

மேஸ்திரியை எடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு மூலையைப் பார்க்கிற பலரிடம் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். எல்லா அமைப்புக்கும் பொருந்துகிற பொதுவழி எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது என்று 1990-ல் இஸ்ரேலின் ப்னூலி, ராஸ்னர் நிரூபித்தார்கள். உடனே 'எல்லாத்தையும் கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டு வா' என்பார்கள் ஆபீசர்கள். சென்னையில் உட்கார்ந்து மரக்காணத்து மேகத்தைப் பார்க்க முடிந்தால் சரி.

அடுத்த தலைவலி, முடிவே இல்லாத நிலைமைகள். சேருகிற மூட்டைக்கு உச்சவரம்பு இல்லை என்று வையுங்கள். பி.காம். பாஷையில், ஸ்டாக் ரெஜிஸ்டருக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. ரத்னேஷ் குமார், விஜய் கார்க் உள்ளிட்டோர் எழுதிய 1993 கட்டுரை ஒன்று, பட்டியலை விட்டுவிட்டு நிபந்தனையைப் பிடித்தது. உப்பளத்தில் சொன்னால், 'மூட்டை எத்தனை?' என்று கேட்காதே, 'தார்ப்பாய்க்குள் அடங்குமா?' என்று கேள்.

மேஸ்திரி இல்லாத பிரச்னைக்கு 2001-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் மதுசூதன், தியாகராஜன் ஒரு எல்லை போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தன் வேலையைப் பற்றி மட்டும் விதி, ஆட்கள் ஒரே வரிசை, வெளியுலகம் தொடுவது இரண்டு முனைகளில் மட்டும் என்றால் வழி கண்டுபிடிக்கலாம். கிட்டத்தட்ட உப்பளமேதான்! ஒரு முனையில் கடல், மறுமுனையில் லாரி.

ஆனால் கோடை மழை முனை பார்த்துப் பெய்வதில்லை. நடுப்பாத்தியில் விழுந்தாலே தேற்றம் கையை விரித்துவிடும். கூடவே, விளைந்த உப்பும் கரையும்.