மண்ணைக் கேட்டு ரயர் போடுகிறவர்

எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பு சிறிய நாலு சில்லு உழவு இயந்திரம் ஒன்று வாங்குவதாக முடிவெடுத்திருந்தது. எந்த இயந்திரம் என்பதில் தகராறு இல்லை. எந்த ரயர் என்பதில்தான் கூட்டம் இழுபட்டது. விற்க வந்தவர் ஒரே ரயரைக் காட்டி, எல்லாருக்கும் இதுதான் போகிறது என்றார். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தில் படிப்பிக்கும் நண்பரிடம் கேட்டேன். "புத்தகத்தில் இருப்பதை நான் சொல்லலாம். கோப்பாய்ப் பக்கம் ரயர் ஒட்டுகிற ஒருவர் இருக்கிறார். முதலில் அவரோடு கதையுங்கள்" என்றார்.

பருத்தித்துறை வீதியோரம் வேம்புக்குக் கீழே தகரக் கொட்டில். அறுபதைக் கடந்தவர். ஊர் முழுக்க அவரை 'அண்ணை' என்றே கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். இயந்திரத்தின் பெயரையோ குதிரை வலுவையோ அவர் கேட்கவில்லை.

"என்ன மண் தம்பி?"

"தோட்டம் செம்பாடு அண்ணை. கிழக்கால உப்பாற்றுப் பக்கம் வயலும் இருக்கு."

"வருசத்தில எத்தனை நாள் உழும், எத்தனை நாள் றோட்டில பெட்டி இழுக்கும்?"

எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நெல் மாரி மழையை நம்பிய ஒரு போகம்தான். புரட்டாசி, ஐப்பசியில் வயலுக்குள் இறங்கும் இயந்திரம் மிச்ச மாதங்களில் எருவும் மணலும் விறகும் ஏற்றிக்கொண்டு தார் வீதியில்தான் ஓடுகிறது. வயலுக்கென்று ஆழமான பல் உள்ள ரயரைப் போட்டால் தார் அதைத் தின்றுவிடும். வீதிக்கென்று தட்டையான பல்லைப் போட்டால் மாரியில் நின்ற இடத்திலேயே சுழலும்.

கொட்டிலுக்குப் பின்னால் கழற்றிப் போட்ட ரயர்களைக் காட்டியே அவர் பாடம் நடத்தினார். பக்கச் சுவரில் 'ஆர்-1' என்றிருந்தால் சாதாரண உழவுப் பல். 'ஆர்-2' என்றால் ஏறத்தாழ அதைப்போல இருமடங்கு ஆழம். சேற்று வயலுக்கும் கரும்புக்கும் ஆனது. 'ஆர்-4' கட்டட வேலைக்கு: சுவர் தடிப்பு, பல் கட்டை. புல்வெளிக்கென்று ஒன்று இருக்கிறதாம், 'ஆர்-3'; குடாநாட்டில் அதற்கு வேலையில்லை என்று ஒதுக்கிவிட்டார். பல்லின் கூர்முனை முதலில் மண்ணைத் தொடவேண்டும். அப்போதுதான் சேறு இரண்டு பக்கமும் வழுகி வெளியேறும். மாறிப் பூட்டினால் பல்லுக்குள் சேறு அடைத்து, ரயர் வெறும் உருளையாகிவிடும்.

மண்ணைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகச் செம்பாடு நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் இறுகும். அதற்கு ஆர்-1 போதும். ஆனால் ஈரம் வற்றுமுன் பாரமான இயந்திரத்தை இறக்கினால் அடிமண் இறுகி வெங்காய வேர் இறங்காது. தென்மராட்சி மணலுக்கு அகலமான ரயரும் குறைந்த காற்றும் வேண்டும். தீவுப் பக்கத்து வயலின் களியில் பல்லை நம்பிப் பயனில்லை, இரும்புச் சில்லுதான். குடாநாட்டில் காணியைப் பரப்புக் கணக்கில் அளக்கிறோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஐந்து பரப்புத் தோட்டத்துக்குள், இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருக்கும் ஒழுங்கை வழியே போகிற இயந்திரத்துக்கு அகல ரயர் பூட்டினால் திரும்ப இடமிராது. நாலு சில்லும் இழுக்கிற இயந்திரமென்றால் இன்னொரு விஷயம்: முன் ரயரின் சுற்றளவும் பின் ரயரின் சுற்றளவும் கியர்க் கணக்கோடு பொருந்தவேண்டும். மலிவென்று முன்னால் வேறு அளவைப் போட்டால் ரயரும் தேயும், கியர்ப் பெட்டியும் அடிபடும்.

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க ஒரு லான்ட்மாஸ்டர் வந்து நின்றது. இரண்டு சில்லு இயந்திரம் எந்தக் கம்பனியின் சரக்கானாலும் இங்கே அதற்கு அந்தப் பெயர்தான். 1950களில் அந்த இயந்திரத்தை உருவாக்கிய பொறியியலாளர் ரே விஜேவர்தன, பிற்காலத்தில் உழவு இயந்திரம் வெப்பநாட்டு மண்ணுக்குச் செய்வதென்ன என்று கேட்டு, மண்ணைக் கிளறாத விவசாயத்துக்காகவே வாதாடினார். கோப்பாயில் ரயர் ஒட்டுகிறவரும் மண் இறுகுவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். "வயலுக்குப் பதினைஞ்சு இறாத்தல் காத்து, பெட்டி இழுக்க இருபத்தைஞ்சு. ஆர் மாத்தினம்? வருசம் முழுக்க ஒரே காத்து" என்றபடி ரியூப்பை இழுத்து எடுத்தார்.

அப்போதுதான் ஒரு பிஸ்டனைப் பார்த்தேன். பழைய லொறி எஞ்சினின் பிஸ்டன். தட்டையான தலை கீழே, குழிந்த வயிறு மேலே. ஓட்டையைச் சுரண்டி, கந்தகம் கலந்த பச்சை ரப்பர்த் துண்டை வைத்து, அதன்மேல் பிஸ்டனை நிறுத்தி, திருகாணிச் சட்டத்தால் இறுக்கினார். சோடா மூடியால் மண்ணெண்ணெயை அளந்து குழிக்குள் விட்டுப் பற்றவைத்தார். மணிக்கூடு தேவையில்லை. எண்ணெய் எரிந்து முடியும்போது ரப்பர் வெந்திருக்கும். ஒரு மூடி குறைந்தால் ஒட்டு கழலும். கூடினால் ரப்பர் கருகி வெடிக்கும். ரியூப்பின் தடிப்பை விரலால் நெருடிப் பார்த்தே எத்தனை மூடி என்று தீர்மானிக்கிறார்.

அவருடைய சொந்தக் காணி காங்கேசன்துறைப் பக்கம். 1990இல் போரால் அங்கிருந்து வெளிக்கிட்டவர் உரும்பிராயில் ஒரு கடையில் தொழில் பழகினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமமாக, முதலாளி பிஸ்டனுக்குள் சிரட்டைக் கரியைப் போடப் பழக்கினார். கரிக்கு மூடிக்கணக்கு இல்லை. ரப்பரின் மணம் மாறுவதை மூக்கால் பிடிக்கவேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, அவர் உடுப்புப் பையில் பிஸ்டனும் இருந்தது. கைதடியில் தெருவோரம் குந்தியிருந்து, சனத்தை ஏற்றிவந்த லான்ட்மாஸ்டர்களுக்கு ஒட்டுப் போட்டார். "அண்டைக்கு ஆரிட்டையும் காசு வாங்கேல்லை" என்றார். அதற்குமேல் அந்த இரவைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடைய காணி பல வருடம் கழித்தே இராணுவத்திடமிருந்து விடுபட்டது. பற்றையும் முட்கம்பியும் சுண்ணாம்புக் கல்லுமாகக் கிடந்த அதை உழப் போன இயந்திரத்தின் ரயர் முதல் நாளே கிழிந்தது. தன் காணியிலேயே இருந்து அதை ஒட்டினார்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு ஒட்டுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். பொருத்தமில்லாத ரயரைத் தலையில் கட்டுகிறவருக்குக் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியபோது ரயர் விலை பாய்ந்தது. 2024 தை மாதம் வற் வரி 18 வீதமானது. கையில் காசில்லாத கமக்காரன் ரயரைக் கடனுக்கு எடுக்கிறான். வெங்காயம் கிண்டியதும் கடன்காரர் சொன்ன விலைக்கே கொடுக்கிறான். சந்தைக்கே கொண்டுபோனாலும் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவென்று முதலிலேயே எடுக்கும் வழக்கம் இருக்கிறது. வியர்வை சிந்தாத கைகள் இரண்டு முறை அள்ளுகின்றன. பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உலகத்துக்கே செய்து அனுப்பும் நாடு இது. களனியில் உழவு ரயரும் செய்கிறார்கள். அவற்றைக் கமநல சேவை நிலையங்கள் மொத்தமாக வாங்கி, மண்ணுக்கேற்றபடி பிரித்துக் கொடுக்க என்ன தடை? எந்த ஊருக்கு எந்த ரயர் என்று கேட்க, கோப்பாய் வேம்புக்குக் கீழே வந்தால் போதும்.

எங்கள் கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே வைத்தேன். பின்னுக்கும் முன்னுக்கும் இயந்திரத்துக்குப் பொருந்திய அளவில் ஆர்-1. வயலுக்குத் தனியாக ஒரு சோடி இரும்புச் சில்லு. பாத்தி அகலத்துக்கேற்ப றிம்மைத் திருப்பிப் பூட்டுவது. விற்பவர் முதலில் மறுத்தார். பிறகு, இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்றதும் இணங்கினார். பூட்டும் வேலையை அண்ணையிடமே கொடுத்தோம், நியாயமான கூலி பேசி. இயந்திரத்தை எடுக்கும்போது அவர் எங்கள் சாரதியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "காலமை வெயில் ஏறமுன்னம் காத்தைப் பார். பத்து மணித்தியாலம் ஓடினாப்பிறகு நட்டெல்லாத்தையும் திரும்ப இறுக்கு. மறந்துபோட்டு என்னட்டை வராதை."