விடுமுறைக்கு எந்தக் கரை?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் இல்லங்கள் பலவற்றிலும் ஒரு சிறு வழக்குமன்றம் கூடிவிடுகிறது. பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும், பெரியவர்களுக்கு விடுப்புக் கிடைத்ததும் எந்தக் கடற்கரைக்குச் செல்வது என்பதே வழக்கு. குமரி மாவட்டத்தாராகிய நமக்கு இது சற்று வேடிக்கையான வழக்குத்தான். தெற்கே போனாலும் மேற்கே போனாலும் சிறிது நேரத்தில் கடல் வந்து வழிமறிக்கும் நாடு நம்முடையது. ஆயினும் கைக்கெட்டும் தொலைவில் பல கரைகள் இருக்கும்போதுதான் தெரிவு கடினமாகிறது.

2025-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் குடும்பத்தில் இவ்வழக்கு வழக்கத்தினும் நீண்டது. சென்னையில் பணியாற்றும் என் தம்பி, மனைவி மக்களோடு பத்து நாள் தங்க வந்திருந்தான். அவனுடைய மூத்த மகன் கோவளம் என்றான். என் மனைவி கன்னியாகுமரி என்றாள். என் மகளோ, 1981-இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் கண்ட முட்டத்துப் பாறைகளைப் பார்க்கவேண்டும் என்றாள். தம்பியின் மனைவி மட்டும், “கடலே வேண்டாம் அத்தான், திற்பரப்பு அருவியைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

அவள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கிப் பயிற்சி மருத்துவர் ஐவர் உயிரிழந்தனர். அதற்கு முந்திய நாள் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு சிறுமியை அலை இழுத்துச் சென்றது. அந்நாள்களில் இங்கே புயலும் இல்லை, மழையும் இல்லை. நம் மீனவ மக்கள் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டு அழைப்பது இதனைத்தான். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் வெகுதொலைவான பகுதியில் வீசும் கடுங்காற்று எழுப்பும் நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, காற்றே இல்லாத நம் கரையில் திடீரென்று பொங்குகின்றன. திருடனைப் போல் முன்னறிகுறியின்றி வருவதால் அதற்கு அப்பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதனை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கிறது. 2024-இலும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. எனினும் வானம் தெளிந்திருக்கும்போது கடலைச் சந்தேகிக்க நமக்கு மனம் வருவதில்லை.

ஆகவே அவளுடைய அச்சத்தைப் பேதைமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மறுபுறத்தில் எங்கள் அம்மா இருந்தார். பைங்குளத்தில் பிறந்தவர்; எண்பதைக் கடந்தவர்; முழங்கால் வலியினால் சில ஆண்டுகளாக வீட்டை விட்டு அதிகம் வெளிவராதவர். “எனக்குக் குளிக்கவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம். தேங்காய்ப்பட்டணத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் இருந்தால் போதும்” என்றார். இனி எத்தனை கோடை என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு நாங்கள் ஒவ்வொரு கரையையும் எடுத்து ஆராய்ந்தோம். கோவளத்தில் பிறைநிலா வடிவான கடற்கரைகளும் கலங்கரை விளக்கமும் அழகுதான். குளிப்போரைக் காக்க உயிர்காப்பாளர்களும் உண்டு. ஆனால் ஒன்பது பேருக்கு அங்கே அறை எடுத்துத் தங்கினால் தம்பியின் ஒரு மாதச் சேமிப்பு கரைந்துவிடும். கன்னியாகுமரியில் 1970-இல் எழுந்த விவேகானந்தர் மண்டபமும், 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும், 2024 டிசம்பரில் இவ்விரண்டையும் இணைத்த கண்ணாடிப் பாலமும் பிள்ளைகளை ஈர்க்கும். ஆயினும் படகுத்துறை வரிசையில் அம்மாவால் நிற்க இயலாது. முட்டத்துப் பாறைகளில் இளங்கால்களுக்கே கவனம் வேண்டும்.

எஞ்சியது தேங்காய்ப்பட்டணம். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறை வழியே இறங்கி, அரபிக்கடலைத் தழுவும் இடம் அது. தென்னந்தோப்பு வரை வண்டி செல்லும். நிழலில் நாற்காலி போட்டால் கடல் கண்முன் விரியும். ஆயினும் முடிவு செய்யுமுன், அப்பகுதியில் கடல்தொழில் செய்யும் நண்பர் ஒருவரிடம் கேட்டுவரச் சென்றேன்.

அவர் சொன்னது இது: “சாரே, பொழிமுகத்தில் ஆழம் நாளுக்கொரு விதம். மணல் திட்டு எங்கே விழும் என்று எங்களுக்கே பிடிபடாது. துறைமுக வாயிலில் வள்ளம் கவிழ்ந்து எங்கள் ஆட்களே எத்தனை பேர் போய்விட்டார்கள்! பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மே மாதம் கடைசியானால் கடல் இளகத் தொடங்கிவிடும். சித்திரையிலேயே வாருங்கள், வரும் நாளில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

பிறந்தது முதல் கடலோடு வாழ்பவரே இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது, விருந்தாளிகளாகிய நாம் எவ்வளவு அடக்கமாக இருக்கவேண்டும்! இதைத் தம்பியின் மனைவியிடம் சொன்னேன். “யாரும் அலையில் கால் வைக்கமாட்டார்கள் என்றால் வருகிறேன்” என்றாள். அந்த ஒப்பந்தத்தின்மேல்தான் ஏப்ரல் இறுதியில் ஒரு நாள் புறப்பட்டோம்.

குளிக்கக்கூடாது என்றதில் மூத்தவனுக்கு வருத்தம்தான். முற்பகல் முழுவதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். ஆனால் விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கேட்டதையும், ஆழ்கடலில் பல நாள் தங்கித் திரும்பிய படகுகளையும் அவன் சென்னையில் கண்டதில்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் தாக்கியபோது, தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து சென்ற எத்தனையோ படகுகள் திரும்பவில்லை என்று நண்பர் சொன்னபோது, கேள்விமேல் கேள்வி கேட்டவன் அவன்தான். நண்பகலில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் உண்டோம். அம்மா மாலைவரை நாற்காலியை விட்டு எழவில்லை. தம்பியின் மனைவி அவர் அருகிலேயே அமர்ந்து, ஒன்றும் பேசாமல் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வூரில் பிறந்த தோப்பில் முகமது மீரான் (1944–2019), 1988-இல் வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ என்னும் நாவலால் இக்கரை மக்களின் வாழ்வைத் தமிழுலகுக்குக் காட்டினார். விடுமுறைக்கு வரும் நமக்குக் கடற்கரை காட்சிப்பொருள். அங்கே வாழ்வோர்க்கோ அது முற்றம், களம், சில வேளைகளில் கல்லறை. வலை உலர்த்தும் இடத்தில் குப்பையை விட்டுவருவது, அடுத்தவர் முற்றத்தில் எச்சிலிலையை எறிவதற்கு ஒப்பாகும்.

அன்பர்களே, வரும் கோடையில் உங்கள் இல்லத்திலும் இவ்வழக்கு எழுமாயின், எந்தக் கரை அழகானது என்று தொடங்காதீர்கள். எல்லாக் கரையும் அழகானதே. நம் வீட்டில் நடக்க இயலாதவர் யார், அஞ்சுபவர் யார் என்று முதலில் பாருங்கள். மேற்குக் கரையாயின், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் சென்று திரும்புங்கள். சூன், சூலைத் திங்கள்களில் விசைப்படகுகளுக்கே அங்கே தடைக்காலம். புறப்படும் காலையில் வானொலியில் கடல் எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள். கரையை அடைந்ததும், முதலில் காணும் மீனவரிடம், “இன்று கடல் எப்படி?” என்று வினவுங்கள். அவர் வேண்டாம் என்றால், துண்டை மடித்து வைத்துவிட்டு மணலில் அமருங்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் ஒரு விடுமுறை நாள் தகும்.