அம்மாவின் இரவு விளக்கு

மூப்படைந்த பெற்றோரும் மூப்படைந்த வீடும் ஒருசேர வாய்த்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அப்பா கட்டிய வீட்டுக்கு வயது 60-ஐக் கடந்துவிட்டது, அம்மாவுக்கு 83. இரண்டையும் பேணும் கடமை எங்களுடையது. சென்ற மழைக்காலத்தில் இவ்விரு கடமைகளும் ஒரே இடத்தில், குளியலறை வாசலில், வந்து சேர்ந்தன.

அம்மா இரவில் இருமுறை எழுவார். பிள்ளைகளின் உறக்கம் கெடும் என்றெண்ணி, விளக்கைப் போடாமலே சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குச் செல்வது அவர் வழக்கம். ஓர் இரவு கால் இடறிற்று. கதவு நிலையைப் பற்றிக்கொண்டதால் எலும்பு தப்பியது. முழங்கை மட்டும் கன்றிப்போயிற்று. மறுநாளே, இருள் சூழ்ந்தால் தானே ஒளிரும் சிறிய இரவு விளக்கு ஒன்றை வாங்கிவந்து, முகம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த பிளக் பாயிண்டில் செருகினோம். அது ஒளிரவில்லை.

அந்தப் பிளக் பாயிண்ட், அப்பா தம் சவரக் கருவிக்காகப் பிற்காலத்தில் பொருத்தியது. குளியலறைப் பல்புக்குச் செல்லும் கம்பிகளிலிருந்தே அதற்கும் இணைப்பு எடுத்திருந்தார்கள். ஆகவே, பல்பு எரியும்போது மட்டுமே அது வேலை செய்யும். பல்பு எரிந்தாலோ, வெளிச்சத்தைக் கண்டு இரவு விளக்கு உறங்கிவிடும்!

எந்நேரமும் மின்சாரம் இருக்குமாறு அதை மாற்ற வேண்டும். ஒரு கம்பியை இடம் மாற்றும் வேலைதானே என்று எண்ணி, எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் பல்பின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

“சுவிட்சை அணைத்த பிறகும் எரிகிறது, பார்த்தீர்களா அண்ணா?” என்றார்.

வீட்டுக்குள் மின்சாரத்தைக் கொண்டுவருவது பேஸ் கம்பி. சுற்றை முடித்துவைப்பது நியூட்ரல் கம்பி. சுவிட்ச் எப்போதும் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். எங்கள் குளியலறையில் அது நியூட்ரல் கம்பியில் இருந்தது. அணைத்தால் பல்பு அணையும். ஆனால் 230 வோல்ட் மின்சாரம் ஹோல்டரிலும் பிளக் பாயிண்டிலும் அப்படியே நிற்கும். நாங்கள் விரும்பிய “எப்போதும் உள்ள மின்சாரம்” இத்தனை ஆண்டுகளாக அங்கேயே எங்களுக்குத் தெரியாமல் குடியிருந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அப்பா எத்தனை முறை பல்பு மாற்றியிருப்பார்! நாங்களும் மாற்றியிருக்கிறோம். அதை நினைத்தபோது எங்களுக்குச் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

குறை அதோடு முடியவில்லை. மரச்சட்டங்களின் மேல் ஓடிய பழைய ரப்பர் கம்பிகள், தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. எர்த் கம்பி என்பதே குளியலறைக்கு வரவில்லை. செலவைக் குறைக்க நாங்கள் ஒரு வழி சொன்னோம்: “பேஸ் கம்பியை மட்டும் புதிதாக இழுங்கள், நியூட்ரலைப் பழைய பல்பு இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.” அவர் இசையவில்லை. புதிய இணைப்புக்கு ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தப் போவதாகவும், அக்கருவி சென்ற மின்சாரத்தையும் திரும்பிய மின்சாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதாலும், திரும்பும் வழி வேறாக இருந்தால் அது கசிவென்றே கொண்டு துண்டித்துவிடும் என்றும் விளக்கினார்.

“ஒரு சின்ன விளக்குக்கு இத்தனை செலவா, தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“செலவு விளக்குக்கு இல்லை, அம்மா. உங்கள் ஈரக் காலுக்கு” என்றார் அவர்.

பியூஸ் இருக்கிறதே என்று நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். பியூஸ் காப்பது கம்பியை, மனிதரை அன்று. 40 வாட் பழைய குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் 170 மில்லி ஆம்பியர். அதைவிடக் குறைந்த அளவு நெஞ்சின் வழியே பாய்ந்தாலே உயிர் போகக்கூடும். 5 ஆம்பியர், அதாவது 5,000 மில்லி ஆம்பியர் தாங்கும் பியூஸ், அதை அறியவே அறியாது. மின்கசிவுத் துண்டிப்பானோ 30 மில்லி ஆம்பியர் வழிமாறினாலே, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மின்சாரம் மனித உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1961-இல் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். அமெரிக்க மின்விதித் தொகுப்பு 1975-இல் வீட்டுக் குளியலறைப் பிளக் பாயிண்டுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஏறத்தாழ எங்கள் வீட்டின் வயதே உடைய அந்தக் காவல், எங்கள் வாசலுக்கு வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று!

இரண்டு நாள்களில் வேலை முடிந்தது. வீட்டின் பின்புறம் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு எர்த் குழாய் இறக்கப்பட்டது. மெயின் போர்டிலிருந்து பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று புதிய செம்புக் கம்பிகள் பிளாஸ்டிக் குழாய்க்குள் வந்தன. பல்பின் சுவிட்ச் பேஸ் கம்பிக்கு மாறியது. தொட்டிக்கு மேலிருந்த பழைய பிளக் பாயிண்ட் நீக்கப்பட்டு, புதியது கதவோரம், ஈரம் படாத சுவரில், தண்ணீர்க் குழாயிலிருந்தும் ஷவரிலிருந்தும் 1.20 மீட்டருக்கு அப்பால் அமைந்தது. பல்பின் சுவிட்சோடு அதற்கு இனி உறவில்லை.

அன்றிரவு அம்மா எழுந்தபோது, வாசலில் இளமஞ்சள் ஒளி படர்ந்திருந்தது. சுவரைத் தடவாமல் அவர் நடந்து சென்ற ஓசையைப் படுக்கையில் இருந்தவாறே கேட்டோம்.

பழைய வீடுகளில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்பு அணைந்துவிட்டது என்பதால் மின்சாரமும் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். பல்பு மாற்றுவதானாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே கைவையுங்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை ஒருமுறை அழைத்து, சுவிட்சுகள் எந்தக் கம்பியில் உள்ளன, எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மின்கசிவுத் துண்டிப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தி, கருவி விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பொறுப்பை அம்மாவே கேட்டுப் பெற்றுக்கொண்டார். மாதத்தின் முதல் நாள் காலையில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று பொத்தானை அழுத்துவார். ‘டக்’ என்ற ஒலி கேட்டதும், “காவல்காரன் தூங்கவில்லை” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்வார்.